ஒரே பெஞ்சு, இரண்டு கட்சி

பங்குனி 9, சனி

காலை ஏழுக்கே வெயில் முதுகில் அறைகிறது. வடவாறு காய்ந்து கிடக்கிறது, மணலில் பசங்கள் கிரிக்கெட். வாங்க வேண்டியவை: வள்ளிக்கு பிரஷர் மாத்திரை, நல்லெண்ணெய், ஃபேனுக்குக் கண்டன்சர். மாத்திரை மட்டும் வாங்கினேன். மற்றதெல்லாம் டீக்கடை டி.வி.யால் கெட்டது.

கூட்டணி முடிவாகிவிட்டதாம். எங்கள் கட்சியும் மச்சான் கட்சியும் இனி ஒரே அணி. தஞ்சாவூர் எம்.பி. தொகுதி எங்களுக்கு. கடையில் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். "என்ன மாமா, இனிமே நீங்களும் மண்டிக்காரரும் ஒரே கொடியா?" என்றார் டீ மாஸ்டர். ஒரே சிரிப்பு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், நாளைக்கு எனக்கே மறந்து தொலைத்தாலும் தொலைக்கும். மச்சான் என்றால் ராஜமாணிக்கம், வள்ளியின் அண்ணன். கரந்தையில் அரிசி மண்டி வைத்திருந்தவர். நான் சைக்கிள் கடை. மீசை முளைத்த காலத்திலிருந்து எங்கள் தெரு நகராட்சிப் பள்ளிக்கூடத்து பூத்தில் நான் ஒரு கட்சிக்கு ஏஜெண்ட், அவர் எதிர்க்கட்சிக்கு ஏஜெண்ட். ஆட்சி மாறியது, பள்ளிக்கூடத்து ஓடு போய் மாடி வந்தது. எங்கள் பெஞ்சு மாறவில்லை.

ஒரு வேட்பாளருக்கு உள்ளே ஒரு ஏஜெண்ட்தான் உட்காரலாம். இப்போது எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே வேட்பாளர். எப்படிப் பார்த்தாலும் ஒரு ஆள் வெளியே.

பங்குனி 11, திங்கள்

மச்சான் வீட்டுக்குப் போனேன். சர்க்கரைப் புண் ஆறிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர். என்னைப் பார்த்ததும் பேப்பரை இறக்கவில்லை.

"வாங்க மாப்ள. தலைவரே தலைவரைக் கட்டிப்புடிச்சுட்டாரு. நாமளும் கட்டிப்புடிச்சுக்கணுமா?"

"வேணாம் மச்சான். வேர்க்குது."

சிரித்தார். அப்புறம் சொன்னார், பெங்களூர் மகள் வந்து கூட்டிப்போகப் போகிறாள். எலெக்‌ஷன் முடிந்த வாரமே. வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்தாயிற்று. "ஓட்டையும் அங்க மாத்தணும்கிறா. இதான் மாப்ள கடைசி. இந்த ஒரு தடவ பெஞ்சுல உக்காந்துட்டுப் போயிடறேன்."

அதைச் சொல்லிவிட்டு அவருக்கே ஞாபகம் வந்தது, பெஞ்சில் இடம் ஒன்றுதான் என்று. பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். ஏறவில்லை. இந்த வயசில் நடுத்தெருவில் அழுதால் ஆளுக்கொரு ஜோசியம் சொல்வார்கள்.

வள்ளியிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டு பேரும் சேந்துதான் உக்காரணும். எனக்கு அதெல்லாம் தெரியாது. கூட்டணி வச்சவங்க கிட்டப் போயி கேளுங்க."

கேட்கிறேன். டெல்லிக்கு டிக்கெட் எடுத்துக் கொடு.

பங்குனி 17, ஞாயிறு

மழை வருகிற மாதிரி பத்து நிமிஷம் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. கண்டன்சர் வாங்கியாச்சு. போட ஆள் வரவில்லை.

மத்தியானம் தூக்கம் வராமல் பழசையெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

சுவர். எலெக்‌ஷன் அறிவிக்கிறதுக்கு முன்னாலேயே சுண்ணாம்பு அடித்து மூலையில் கட்சிப் பேர் எழுதிவிட்டால் அந்தச் சுவர் நம்முடையது. மண்டிச் சுவரை நான் ஒரு தடவை விடியற்காலையில் போய்ப் பிடித்தேன். மச்சானுக்கு அது கட்சித் தோல்வியைவிடப் பெரிய தோல்வி. பதிலுக்கு என் கடை கதவுப் பலகை ஒவ்வொன்றிலும் அவர் சின்னம். கடை சாத்தினால் அவர் கட்சி, திறந்தால் என் கட்சி.

ஜீப்பில் ரெண்டு குழாய் ஸ்பீக்கர். பின்னால் நோட்டீஸ் பறக்கும், அதற்குப் பின்னால் பிள்ளைகள் பறக்கும்.

வேட்பாளர் கரந்தைக்கு வந்தால் முதலில் மண்டியில் சோடா, பிறகு என் கடையில் சோடா. எந்தக் கட்சி வேட்பாளரானாலும் ரெண்டு இடத்திலும் குடிக்காமல் போக முடியாது. திலகர் திடல் கூட்டத்துக்கு எல்லோரும் ஏப்பத்தோடுதான் போனார்கள். காவிரித் தண்ணீர் கொண்டுவருவேன் என்று சொல்லாத ஆள் ஒருத்தர் கிடையாது. சோடாத் தண்ணீர்தான் கொண்டுவந்தோம், அதுவும் நாங்கள்.

ஓட்டு எண்ணிக்கை. டவுன் ஓட்டு எண்ணும்போது ஒருத்தர் முன்னால் நிற்பார், வெடி வெடிப்போம். சாயங்காலம் ஒரத்தநாட்டுப் பக்கத்து ஓட்டு வரும், வெடித்தவன் மூஞ்சியெல்லாம் தொங்கிப்போகும். நெல்லு விளைகிற ஊர்க்காரன் கடைசியில்தான் பேசுவான். மச்சான் இதில் ரொம்பத் தேர்ந்தவர். ஒரத்தநாடு வராமல் வெடியைப் பிரிக்கவே மாட்டார்.

தொகுதி எல்லையைத் திருத்தி வரைந்த வருஷம் எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று மேப்பை விரித்துவைத்து ஒரு வாரம் சண்டை. வள்ளி அந்த மேப்பின் மேல் வடகம் காயப்போட்டாள். சண்டை தீர்ந்தது.

வள்ளியைப் பார்த்ததே பூத்தில்தான். நான் முதல்முதல் ஏஜெண்டாக உட்கார்ந்த தடவை. அப்போது இருபத்தோரு வயசு ஆனால்தான் ஓட்டு. பாவாடை தாவணியில் ஒரு பெண் வந்து நின்றாள். எழுந்து நின்று, "ஆட்சேபணை. இந்தப் பொண்ணுக்கு வயசு வரல" என்றேன். பெரிய வக்கீல் மாதிரி. பெஞ்சின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நிதானமாகத் திரும்பி, "அது என் தங்கச்சி. உங்களவிட நாலு மாசம் மூத்தது" என்றார். பூத்தே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, முறைத்துக்கொண்டே மை வைத்துக்கொண்டாள். நாலு மாச மூத்தவளைத்தான் கட்டிக்கொண்டேன். என் அம்மாவிடம் வயசைக் கடைசி வரை சொல்லவில்லை.

பங்குனி 22, வெள்ளி

வார்டு செயலாளர் செந்தில் வந்தான். நல்ல பையன், போனை மட்டும் கையிலிருந்து இறக்க மாட்டான்.

"பெரியப்பா, நீங்கதான் வழக்கம்போல பூத் ஏஜெண்ட். உங்க மச்சானுக்கும் ஒரு வழி இருக்கு."

வழி என்னவென்றால் சுயேச்சை. திருவையாறு பக்கத்தில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிற ஒருத்தர் தனியாக நிற்கிறார். சின்னம் கேரம் போர்டு. அவருக்கு எந்த பூத்திலும் உட்கார ஆள் கிடையாது. நாம் ஆள் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். எல்லாக் கட்சியும் பண்ணுகிறதுதான், நாங்களும் பண்ணியிருக்கிறோம். உள்ளே நமக்கு இன்னொரு ஜோடிக் கண்.

ஆக, நான் என் சின்னத்துக்கு, மச்சான் கேரம் போர்டுக்கு. ஒரே பெஞ்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, செந்திலுக்கு ரெண்டு தடவை காபி. உடனே மச்சான் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"மாப்ள, கட்சி சொல்லிடுச்சு, உங்க சின்னத்துக்கு வேல பாருன்னு. பாக்கறேன். வயித்தெரிச்சலா இருந்தாலும் பாக்கறேன். கட்சி சொன்னா இந்தச் சுவத்துக்குக்கூட ஓட்டுக் கேப்பேன். ஆனா எவனோ ஒருத்தன் கேரம் போர்டுக்கு நான் உக்கார மாட்டேன். அதுக்கு நான் வீட்லயே உக்காந்திருக்கேன்."

"உக்காந்தாப் போதும்னுதானே மச்சான்..."

"சும்மா உக்கார்றதுக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கு."

எழுந்து உள்ளே போய்விட்டார். காலை இழுத்து இழுத்து. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. எங்கே தப்பு என்று வழியெல்லாம் யோசித்தும் தெரியவில்லை.

பங்குனி 27, புதன்

தேங்காய் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஃபேன் ஓடுகிறது, நேற்றுதான் போட்டான்.

முடிவு பண்ணிவிட்டேன். என் சின்னத்துக்கு மச்சான் உட்காரட்டும். கட்சி உத்தரவு, அவருக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. நான் கேரம் போர்டு.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. சொல்லும்போது நாக்கு எழவில்லை. எங்கப்பா காய்ந்து வெடித்த களிமண் வயலில் கூலிக்கு நின்ற காலத்தில் எங்களுக்கு ஒரு அட்ரஸ் கொடுத்தது இந்தக் கட்சி. கொடியைக் கீழே வைத்ததில்லை. தோற்ற வருஷமும், நாலு பேர் ஓடிப்போன வருஷமும் அந்த பேட்ஜோடுதான் பூத்துக்குப் போனேன். இந்தத் தடவை கேரம் போர்டு குத்திக்கொண்டு போகணும்.

செந்தில் நம்பவில்லை. "பெரியப்பா, வெயில்ல எங்கயாவது அலைஞ்சீங்களா?"

"எழுதிக்கொடுடா. அடுத்த எலெக்‌ஷனுக்கு நான் இருப்பேன், பெஞ்சு இருக்கும். அவரு இருக்க மாட்டாரு."

வள்ளியிடம் சொன்னபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேரம் போர்டுல செவப்புக் காயைப் போடத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கவில்லை, எனக்குத் தெரியும்.

சித்திரை 1, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். மச்சானைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். இலை போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

பச்சடியை விரலால் தொட்டு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீங்க ஏன் மாப்ள இப்படிப் பண்றீங்க?"

"எனக்குக் கேரம் போர்டு புடிக்கும்."

"பொய்யி."

"சரி, பொய்தான். சாப்பிடுங்க."

வள்ளி ரசத்தை ஊற்றிவிட்டு, "அண்ணே, இவரு பேச்ச ஒரு நாளும் நீ கேட்டதில்ல. இன்னிக்கு ஒருநா கேளு" என்றாள்.

மறுசோறு வாங்கினார். கை கழுவும்போது, "உங்க சின்னத்துக்கு உக்காந்து, எங்கூட்டுச் சோறு செரிக்குமான்னு தெரியல" என்றார். அதற்கு அர்த்தம் சம்மதம்.

சித்திரை 4, புதன்

நாளைக்கு ஓட்டு. தெரு அமைதி. ஸ்பீக்கர் நின்றதும் காது என்னவோ மாதிரி இருக்கிறது.

எடுத்து வைத்தவை: மூக்குக் கண்ணாடி, பேனா ரெண்டு, ஓட்டர் கார்டு, ஏஜெண்ட் பாஸ், விசிறி, மச்சானுக்குச் சர்க்கரை மாத்திரை (அவர் மறந்துவிடுவார்). வள்ளி நாலடுக்குக் கேரியரைத் தேய்த்து வைத்திருக்கிறாள். எப்போதும்போல ரெண்டு பேருக்கும் ஒரே கேரியர். எந்தக் கட்சி ஜெயித்தாலும் சாம்பார் ஒன்றுதான்.

சித்திரை 5, வியாழன்

விடியறதுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். தலைமை அதிகாரி ஒரு இளம் பெண், ஏதோ காலேஜில் லெக்சரராம். சுறுசுறுப்பு. பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்சி ஏஜெண்ட்லாம் முதல்ல உக்காருங்க. சுயேச்சை கடைசி" என்றாள். சட்டம் அப்படித்தான். பெஞ்சின் முன்னால் மச்சான், அவர் பக்கத்தில் எதிர் அணிப் பையன் ஒருத்தன், இன்னும் ரெண்டு பேர், கோடியில் ஜன்னல் ஓரம் நான். இதை யோசிக்கவே இல்லை. இத்தனை கூத்துப் பண்ணி, கடைசியில் நடுவில் மூன்று பேர்.

மச்சான் எழுந்தார். மெதுவாகக் கோடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், உங்க இடம் அங்க" என்றாள் அந்தப் பெண். "எனக்குக் கால்ல புண்ணும்மா, காத்து வேணும். முன்னாடி இடத்த யாருக்காச்சும் குடுங்க" என்றார். அவள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறொருத்தரை முன்னால் வரச் சொன்னாள்.

மாதிரி ஓட்டு. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏஜெண்டுகளே கொஞ்சம் ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். அவரவர் வேட்பாளருக்கு அவரவர் அமுக்கணும். மச்சான் போய் என் சின்னத்தை அமுக்கினார். ஒவ்வொரு பீப்புக்கும் பல்லைக் கடித்தது இங்கே தெரிந்தது. "செத்துப்போன எங்கப்பா பாத்தா செருப்பக் கழட்டுவாரு" என்று வந்து உட்கார்ந்தார். நான் போய்க் கேரம் போர்டை அமுக்கினேன். எனக்கும் அதே கதிதான். ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகு சீலில் எல்லா ஏஜெண்டும் கையெழுத்து. ஓட்டு ஆரம்பித்தது.

நல்ல கூட்டம். முன்பெல்லாம் ஓட்டுச் சீட்டை மடிக்கத் தெரியாமல் மை அப்பிவிட்டு நிற்பார்கள். இப்போது கண்ணாடிக்குள் சீட்டு விழுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். தெருவில் பிறந்த பெண்களெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. மச்சான் ஒவ்வொருத்தரையும் காட்டி என் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தார். இது கொல்லர் பேத்தி, இவ அப்பன் உங்க கடையில பஞ்சர் ஒட்டுனவன், இவனுக்கு நானாக்கும் கல்யாணத்துக்கு அரிசி போட்டேன். எதிர் அணிப் பையன் ஓட்டர் லிஸ்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டான், "தாத்தா, நீங்க ரெண்டு பேரும் எந்தக் கட்சி?" மச்சான் என்னைக் காட்டி, "இவரு கட்சிக்கு நானு. எனக்கு இவரு" என்றார். பையனுக்குப் புரியவில்லை.

வள்ளி பத்து மணிக்கு வந்து போட்டுவிட்டுப் போனாள். எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை, எப்போதும் அப்படித்தான்.

நாங்கள் மத்தியானம் போட்டோம். முதலில் நான். கை பழக்கதோஷத்தில் நேரே என் சின்னத்துக்குப் போனது. அப்புறம் மச்சான். உள்ளே ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "கண்ணாடிக்குள்ள சீட்டு விழறதப் பாத்துட்டுத்தான் வந்தேன் மாப்ள" என்றார். நெஞ்சு நிறைந்த மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் என் சின்னத்துக்கு ராஜமாணிக்கம் ஓட்டு.

சாப்பாடு வேப்பமரத்தடியில். வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். முதல் தடவையாகக் கட்சிச் சண்டை இல்லாமல் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சண்டை இருந்திருக்கலாம்.

சித்திரை 8, ஞாயிறு

பெங்களூர் ரயில். மகள் எல்லாம் பேக் பண்ணிவிட்டாள். ஸ்டேஷனில் மச்சான் என்னிடம், "அங்க பூத்து எங்க இருக்குன்னே தெரியாது மாப்ள. அபார்ட்மெண்டுல எவனும் எவன்கிட்டயும் பேச மாட்டான்" என்றார். தண்ணீர் பாட்டில் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது ரயில் நகர்ந்துவிட்டது. பாட்டிலோடு நின்றேன்.

எனக்கு அவர் இல்லாமல் இந்த ஊர் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன், இனி அடிக்க மாட்டேன்.

வைகாசி 16, வியாழன்

புழுக்கம். ஓட்டு எண்ணிக்கை. டி.வி. முன்னால் காலையிலிருந்து. ஒரத்தநாடு வரும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம். தெருவில் வெடி. எனக்கு வெடிக்கப் போகத் தோன்றவில்லை. யாரைப் பார்த்து வெடிப்பது?

செந்தில் எண்ணும் இடத்தில் இருந்தான். சாயங்காலம் எங்கள் பூத் கணக்கைப் போனில் அனுப்பினான். சீட்டுக் காலத்தில் எல்லாவற்றையும் கலந்துவிடுவார்கள், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. இப்போது மெஷின், பூத்வாரியாகத் தெரிந்துவிடுகிறது. நமக்கு நல்ல லீட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே வரை படித்தேன். கேரம் போர்டு: 1.

யாரோ கை தவறி அமுக்கியிருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். மச்சானுக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன் போட்டேன்.

எடுத்ததும் ஜெயித்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. "மாப்ள, நம்ம பூத்து கணக்கு வந்துச்சா? கேரம் போர்டு எவ்வளவு?"

"ஒண்ணு மச்சான்."

லைன் போய்விட்டதோ என்று ரெண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"ரெண்டு இருக்கணுமே மாப்ள," என்றார். "நல்லாப் பாருங்க. உங்களது ஒண்ணு, என்னது ஒண்ணு."

போனை வள்ளி கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.